மூன்று வாரம் அடக்கிய சிரிப்பு

போன செவ்வாய்க்கிழமை விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் நான் சிரித்த சிரிப்பில், பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் பயந்து நாலடி தள்ளிப் போய்விட்டார்.

சிரிக்காமல் என்ன செய்ய? நீங்களே கேளுங்கள்.

சிவகாசி பஸ்ஸுக்காக நிற்கிறேன். தீபாவளி சீசன். கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பஸ் உள்ளே திரும்பியதுதான் தாமதம், ஒருவர் — வாட்டசாட்டமான ஆள், வெள்ளை வேட்டி, கையில் புது டிரங்குப் பெட்டி — முழங்கையால் என் விலாவில் ஒரு இடி இடித்தார் பாருங்கள்... அப்பாடி! மன்னிப்பு கின்னிப்பு ஒன்றும் கிடையாது. தோளில் கிடந்த சரிகைக்கரைத் துண்டை ஜன்னல் வழியாக உள்ளே வீசினார். சீட்டுப் பிடித்தாயிற்று! பிடித்துவிட்டு என்னைத் திரும்பி ஒரு பார்வை வேறு. 'எப்படி நம்ம சாமர்த்தியம்?' என்று கேட்கிற பார்வை.

அது சாத்தூர் போகிற பஸ். எனக்குத் தெரியும். டைம்கீப்பரைக் கேட்டு வைத்திருந்தேன். 'சிவகாசி' போர்டைத்தான் இன்னும் மாற்றவில்லை.

சொன்னேனா? சொல்லவில்லையே! விலா வலிக்கிறதே!

துண்டு போட்ட சீட்டு எங்கே போய்விடப் போகிறது என்று மனுஷர் நிதானமாக ஒரு கோலி சோடா வாங்கினார். பாதி குடித்திருப்பார், பஸ் கிளம்பிவிட்டது. "சாத்தூர்! சாத்தூர்!" என்று கண்டக்டர் கத்துகிறார். இவருக்குப் போக வேண்டியது சிவகாசி. அரை மணி நேரமாக அதைத்தானே ஸ்டாண்டு முழுக்கக் கேட்டு உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்! துண்டு சாத்தூருக்குப் போகிறது. இவர் பின்னாலேயே ஓடுகிறார், ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் சோடா பாட்டில். அவருக்குப் பின்னால் சோடாக்கடைக்காரர் ஓடுகிறார் — பாட்டிலுக்காக!

அந்த ஒரு நிமிஷம்... விலா வலி போன இடம் தெரியவில்லை. உள்ளங்கால்வரை குளுகுளுவென்று ஆகிவிட்டது.

அடுத்தவர் மாட்டிக்கொண்டால் நமக்கு ஏன் இப்படி இனிக்கிறது? அதைவிட, இந்தச் சந்தோஷத்துக்கு என்ன பெயர்? பொறாமைக்குப் பெயர் இருக்கிறது. கோபத்துக்கு நூறு பெயர் இருக்கிறது. இதற்கு?

இருக்கிறதாம். எனக்கு அதைச் சொன்னவர் ஒரு ஜெர்மன்காரர். சொன்ன இடம் சிவகாசி. யாரைப் பார்த்துச் சொன்னார் என்கிறீர்கள்? சாட்சாத் என்னைப் பார்த்துத்தான்!

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், பேனா பிடிக்க வருவதற்கு முன்னால் நான் பிரஷ் பிடித்தவன். சிவகாசியில் ஒரு அச்சுக் கம்பெனியில் ஆர்ட்டிஸ்ட். தீப்பெட்டி லேபிள், வெடிக்கட்டு லேபிள், சாமி காலண்டர் எல்லாம் வரைந்திருக்கிறேன். நயா பைசா வந்த புதுசு அது. எங்கள் கம்பெனியில் அப்போது கல் அச்சுதான். வழுவழுவென்று தேய்த்த கல்லின்மேல் மசியால் வரைய வேண்டும். அந்தக் கல்லில் தாளை அழுத்தினால் படம் வரும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கல்லில் நேராக வரைந்தால் தாளில் திரும்பி விழும். அதனால் கல்லில் எல்லாவற்றையும் திருப்பித்தான் வரைய வேண்டும். வலது கை இடது கையாக, கிழக்கே பார்த்த மயில் மேற்கே பார்த்ததாக. எப்படி வரைவது? மேஜைமேல் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி வைப்போம். அசல் படத்தை அதற்கு எதிரே வைப்போம். படத்தைப் பார்க்காமல் கண்ணாடிக்குள் தெரிகிற படத்தைப் பார்த்து வரைவோம். காலையில் வந்ததும் கண்ணாடியைத் துடைத்து நிறுத்தினால்தான் கை ஓடும். எனக்குப் பதினோரு வருஷப் பழக்கம். தேவசகாயம் அண்ணாச்சிக்குப் பதினைந்து.

தேவசகாயம் அண்ணாச்சியைச் சொல்ல வேண்டும். கம்பெனியில் நாங்கள் இருவர்தான் ஆர்ட்டிஸ்ட். அவர் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் அவர் வரைகிற முருகனைப் பார்த்தால் நமக்குக் கை தானாகக் கும்பிடும். அப்படி ஒரு கை. அதே அளவுக்கு வாய்!

ஒருநாள் முதலாளி, மானேஜர், மிஷின் ஆட்கள், லேபிள் எண்ணுகிற பெண்கள் அத்தனை பேரும் கூடியிருக்கும்போது என் படத்தைத் தூக்கிப் பார்த்தார். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினார்.

"சீனி, ஒங்க முருகனுக்கு ஆறு விரல் இருக்கே! மொகந்தான் ஆறுன்னு கேள்விப்பட்டேன்!"

சபை கொல்லென்று சிரித்தது. ஆறு விரல் இருந்தது வாஸ்தவம்தான். அதற்காக? தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் என்ன? அன்றிலிருந்து கம்பெனியில் எனக்குப் பேர் 'ஆறுவிரல்'. சம்பளம் வாங்கப் போனால் மானேஜர் என் கையைப் பார்ப்பார்.

இப்படி இருக்கும்போதுதான் வந்தது ஆப்செட் மிஷின். கப்பலில் வந்து, லாரியில் வந்து, ஊரே பார்க்க வந்து இறங்கியது. அதை மாட்டிக் கொடுக்க ஒரு ஜெர்மன்காரரும் வந்தார். ஆறடி உயரம். வெயிலில் மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்து போவார். நாங்கள் அவரை 'தொரை' என்போம். அவர் ஏதோ இங்கிலீஷ் பேசுவார், எங்கள் மானேஜர் ஏதோ தமிழில் சொல்வார்.

முதல்நாளே துரை எல்லாரையும் நிறுத்தி வைத்து விளக்கினார். இதில் கல் கிடையாது, துத்தநாகத் தகடு. தகட்டிலிருந்து படம் முதலில் ஒரு ரப்பர் மேல் விழும், ரப்பரிலிருந்து தாளில் விழும். இரண்டு தடவை திரும்புகிறது. ஆகவே தகட்டில் திருப்பி வரையக் கூடாது. நேராக வரையுங்கள். எல்லாரும் தலையாட்டினோம். தேவசகாயம் அண்ணாச்சி இரண்டு தடவை ஆட்டினார்.

அன்றைக்கே முதலாளி இன்னொன்றும் சொன்னார்.

"கல்லு மிஷினெல்லாம் இந்தத் தீபாவளியோட நிக்கப் போகுது. தகட்டு வேலைக்கு ஒரு ஆர்ட்டிஸ்ட் போதும். தேவசகாயம் செய்யட்டும். ஏலே சீனி, நீ வேற எங்கனயாவது பாத்துக்கிடு, என்னா?"

அவ்வளவுதான். பதினோரு வருஷம்! 'என்னா?' என்று முடித்துவிட்டார். ஊரில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு, வெம்பக்கோட்டைப் பக்கம். வானம் பார்த்த பூமி. எனக்கு ஏர் பிடிக்கத் தெரியாது. வீட்டில் வந்து சொன்னதும் என் மனைவி செல்லம் அரிசிப் பானையைத் திறந்து எத்தனை நாளைக்கு வரும் என்று பார்த்தாள்.

சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு முருகன் காலண்டர் — அதுதான் புது மிஷினின் முதல் ஆர்டர். தேவசகாயம் அண்ணாச்சிக்குத் தனி ரூம், தனி மேஜை, தலைக்கு மேல் ஃபேன். மூன்றாம் நாள் பிரஷ் கேட்கிற சாக்கில் உள்ளே எட்டிப் பார்த்தேன்.

மேஜைமேல் கண்ணாடி!

நன்றாகப் பார்த்தேன். முருகன் படம் கண்ணாடிக்கு எதிரே இருக்கிறது. அண்ணாச்சி கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துத் தகட்டில் வரைந்துகொண்டிருக்கிறார். வெற்றிலை மென்றபடி, பாட்டு முனகியபடி... பதினைந்து வருஷப் பழக்கம் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிறது! அசலில் முருகனுக்கு வலது கையில் ஆசி, இடது தோளில் வேல். அப்படியானால் தாளில்?

பிரஷ் கேட்க வந்ததே மறந்துவிட்டது.

"என்ன தம்பி, பேயடிச்ச மாதிரி நிக்கீக?" என்றார்.

"ஒண்ணுமில்லண்ணாச்சி. படம் பிரமாதமா வருது!" என்றேன்.

நம்புங்கள், அதற்குப் பிறகு வந்த மூன்று வாரம் போல் நான் வாழ்ந்ததே கிடையாது. வேலை போகிற ஆள் மாதிரியா இருந்தேன்? மாப்பிள்ளை மாதிரி இருந்தேன்! சோறு இறங்கியது. தூக்கம் வந்தது. தினமும் காலையில் அந்த ரூம் வாசலில் ஒரு நடை. கண்ணாடி இருக்கிறதா? இருக்கிறது! நிறத்துக்கு ஒரு தகடு. மஞ்சள் தகடு முடிந்ததா? முடிந்தது! சிவப்பு? நீலம்? ஒவ்வொரு தகடு முடியும்போதும் எனக்குள் ஒரு சரவெடி. கல் மிஷின் ஓரமாகப் போய், யாரும் பார்க்காத இடத்தில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு வருவேன்.

செல்லத்திடம் சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். கேட்டுவிட்டு இரண்டு கையையும் தட்டினாள்.

"வேணும்! நல்லா வேணும்! ஆறு விரலாம்ல ஆறு விரல்!"

அன்று எங்கள் வீட்டில் பணியாரம். நாலாவது பணியாரத்தைப் போட்டுவிட்டுத்தான் அவளுக்கு யோசனை வந்தது. அண்ணாச்சி மனைவி எஸ்தர் அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் மகளுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் வந்து நிற்பது அவர்தான்.

"இந்தா பாருங்க, நமக்கு முன்னாலயே தெரியும்னு மட்டும் யாருட்டயும் மூச்சு விட்ராதீக" என்றாள்.

சொல்லிவிடு என்று சொல்லவில்லை பாருங்கள். நானும் நினைக்கவில்லை. ஜாடிக்கேத்த மூடியாகத்தான் இருந்தோம்.

அந்த நாளும் வந்தது. மிஷினுக்கு மாலை, சந்தனம், எலுமிச்சம்பழம், சூடம். முதலாளி பட்டுத்துண்டு போட்டு வந்திருந்தார். முதலில் கறுப்புக் கோட்டுத் தகட்டை மட்டும் ஏற்றி ஓட்டிப் பார்ப்போம் என்றார் துரை. தாள் வந்து விழுகிற பக்கம் அண்ணாச்சியும் நானும் நின்றோம். எதிர்ப்பக்கம் துரை.

மிஷின் சுற்றியது. தாள் உள்ளே போயிற்று. என்ன வரப்போகிறது என்பது அந்த ஷெட்டில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். வயிறு குலுங்குகிறது. பல்லைக் கடிக்கிறேன். தொடையைக் கிள்ளுகிறேன். முடியவில்லை. மூன்று வாரச் சிரிப்பல்லவா? பீறிட்டுக்கொண்டு வந்தே விட்டது!

அதற்குப் பிறகுதான் தாள் வந்து விழுந்தது.

முதலாளி பக்தியோடு இரண்டு கையாலும் எடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னய்யா இது... முருகன் பீச்சாங்கையால ஆசீர்வாதம் பண்றாரு?"

ஷெட்டே வெடித்தது! மிஷின் ஆட்கள், மூட்டைக்காரர்கள், லேபிள் பெண்கள் யாருக்கும் அடக்க முடியவில்லை. அண்ணாச்சி மட்டும் தாளைப் பார்த்தார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. துரை சிரிக்கவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார். ஷாடன்... ஃப்ராய்ட... அந்த மாதிரி ஏதோ. நான் பாராட்டு என்று நினைத்துத் தலையை ஆட்டிவைத்தேன்.

"தீபாவளியோட கல்லு நிக்குதுல்ல? கல்லோட நீரும் நின்னுக்கிடும்!" என்றார் முதலாளி அண்ணாச்சியிடம். என் பக்கம் திரும்பி, "ஏலே சீனி, நாளையிலருந்து தகட்டுல நீ உக்காரு" என்றார்.

டீ நேரத்தில் மானேஜர் அந்த ஜெர்மன் வார்த்தைக்கு அர்த்தம் கேட்டு வந்துவிட்டார். அடுத்தவன் கஷ்டத்தைப் பார்த்து நமக்கு வருகிற சந்தோஷமாம். அவர்கள் ஊரில் அதற்கு ஒரே வார்த்தையாம்!

ஒரே வார்த்தையா? கம்பெனிக்கே ரோஷம் வந்துவிட்டது. ஜெர்மன்காரனிடம் இருக்கிறது, நம்மிடம் இல்லையா? மானேஜர் 'எக்களிப்பு' என்றார். அது வெறும் சந்தோஷத்துக்கும் சொல்லலாமே என்று தள்ளிவிட்டார்கள். மிஷின்மேன் ஒருவர் 'கெக்கலி கொட்டுறது' என்றார். அது சத்தம் போட்டுச் சிரிப்பதற்கு. மனசுக்குள்ளேயே கொட்டினால்? இன்னொருவர் 'நெஞ்சு குளுந்துபோறது' என்றார். மோர் குடித்தால்கூட நெஞ்சு குளிரும், தள்ளு!

லேபிள் எண்ணுகிற பேச்சியம்மாள் கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தாள்.

"இதுக்குப் போயி இம்புட்டு யோசிக்கீகளே. நம்ம 'ஐயோ பாவம்'னு சொல்றோம்ல? அதான்!"

சொல்லிவிட்டு ஒரு 'ஐயோ பாவம்' சொல்லிக் காட்டினாள் பாருங்கள். உதட்டில் உச்சுக் கொட்டல், கண்ணில் மினுமினுப்பு. அடடா! துரையைக் கூப்பிட்டுக் காட்டியிருக்க வேண்டும்.

சாயந்திரம் நாங்கள் நாலு பேர் அண்ணாச்சி வீட்டுக்கு விசாரிக்கப் போனோம். ஒரு வீட்டில் கஷ்டம் என்றால் விசாரிக்கப் போவது நம் வழக்கம்தானே? போகாவிட்டால்தான் தப்பு. எங்களுக்கு முன்னால் ஒரு கூட்டம் விசாரித்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தது, கல்யாண வீட்டிலிருந்து வருகிற மாதிரி. உள்ளே போய் வரிசையாக உட்கார்ந்தோம். ஆளுக்கொரு 'ஐயோ பாவம்'. நானும் சொன்னேன். பேச்சியம்மாள் சொல்லிக் காட்டியது மாதிரியே வந்தது.

எஸ்தர் அக்கா காப்பி கொண்டுவந்தார். ஆஸ்பத்திரிச் சேலையைக்கூட மாற்றவில்லை.

"இதுக்குள்ள ஒரு நாப்பது பேரு விசாரிச்சுட்டாக. ஒருத்தரு மொகத்துலயும் வருத்தத்தக் காணோம். காப்பிக்குச் சீனி போதுமா தம்பி?" என்றார்.

போதும் என்றேன். மூன்று வாரத்தில் முதல் தடவையாக எனக்கு ஏதோ உறுத்தியது. அண்ணாச்சி தலையைத் தூக்கவே இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலை. எனக்குத் தனி ரூம், தனி மேஜை, தலைக்கு மேல் ஃபேன். தீபாவளிவரை அண்ணாச்சிக்குக் கல் மிஷின். முதலாளி வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். இனி ஒரு குறை சொல்ல ஆள் இருக்கக் கூடாது. என் புத்தி முழுக்க விரலில் இருந்தது. ஐந்துதானா? மறுபடி எண்ணு. ஐந்துதானா? ஒவ்வொரு விரலாக, ஒவ்வொரு நகமாக வரைந்தேன். இரண்டு நாள் குனிந்த தலை நிமிரவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம். திரும்பினேன். வாசலில் தேவசகாயம் அண்ணாச்சி. துண்டால் வாயைப் பொத்தியிருக்கிறார். தோள் குலுங்குகிறது. அழுகிறாரோ என்று நினைத்து எழுந்தேன். துண்டு விலகியது.

மனுஷர் சிரிக்கிறார்! நிலையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, இருமி, கண்ணில் தண்ணீர் வழியச் சிரிக்கிறார்!

"வேணும்லே! ஒனக்கு நல்லா வேணும்!"

அதுவரை என்னை 'லே' போட்டு அவர் பேசியதே இல்லை. விரலை நீட்டி என் மேஜையைக் காட்டினார்.

கண்ணாடி!

அவருடைய கண்ணாடிதான். அந்த ரூமிலேயே கிடந்தது. காலையில் வந்ததும் துடைத்து நிறுத்தியிருக்கிறேன். படத்தை எதிரே வைத்திருக்கிறேன். இரண்டு நாளாக அதைப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறேன். மூன்று வாரம் எதைப் பார்த்துச் சிரித்தேனோ, அதையே! நம்ப மாட்டீர்கள். நானே நம்பவில்லை. ஐந்து விரலும் சரியாக இருந்தது — இடது கையில்!

நாற்காலியில் பொத்தென்று விழுந்தேன். அண்ணாச்சி சிரித்து முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நேத்தே பாத்துட்டேன் தம்பி. சொல்லக் கூடாதுன்னுதான் போனேன். மிஷின்ல ஏறட்டும், நாமளும் நின்னு சிரிப்போம்னு நெனச்சேன். ராத்திரியெல்லாம் படுக்கையிலயே சிரிச்சேன். எஸ்தரு திட்டுது. இன்னைக்கு ஒரு தடவ பாத்துட்டுப் போயிரலாம்னு வந்தேன்... அடக்க முடியலப்பா. பீறிட்டு வந்துருச்சு!"

நானும் சிரிக்கப் பார்த்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

"ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்குத் தாள் விழுகதுக்கு முன்னாலயே நீங்க சிரிச்சீக. எல்லாரும் தாளப் பாத்துச் சிரிச்சாக. நீங்க மிஷினப் பாத்துச் சிரிச்சீக. எத்தன நாளாத் தெரியும்?"

பொய் சொல்லலாம். நாக்கு நுனிவரை வந்தது. அவர் வெறும் கையோடு நின்றுகொண்டிருந்தார், வேலை போகிற மனிதர். என்னைக் காப்பாற்றிவிட்டு நிற்கிறார் — வேண்டுமென்றா, சிரிப்பு பொறுக்காமலா என்பது வேறு விஷயம்.

"மூணாம் நாள்லருந்து தெரியும் அண்ணாச்சி. மூணு வாரமாத் தெரியும்."

அவர் மேஜைப் பக்கம் வந்தார். கண்ணாடியை எடுத்தார். துண்டால் சுற்றினார்.

"நான் ஒருநாத்தான் தாங்குனேன்" என்றார்.

கண் கலங்கிவிட்டது என்று சொல்வதில் எனக்கு ஒன்றும் வெட்கமில்லை. அவர் கையைப் பிடித்தேன். தகட்டைத் தூக்கிக்கொண்டு, அவரையும் இழுத்துக்கொண்டு நேரே முதலாளி ரூமுக்குப் போனேன். உள்ளதை உள்ளபடி சொன்னால் இருக்கிற வேலையும் போகும். இருந்தாலும் சொன்னேன். மூன்று வாரம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததைச் சொன்னேன். நானும் அதையே செய்ததைச் சொன்னேன். அண்ணாச்சி கண்டுபிடித்ததைச் சொன்னேன்.

"தப்பு அவுக மேல இல்ல மொதலாளி. கல்லுல பழகுன கை. யாரு உக்காந்தாலும் இப்பிடித்தான் வரும். அவுகள அனுப்புனா என்னையும் அனுப்பீருங்க" என்றேன்.

முதலாளி தகட்டைப் பார்த்தார். அண்ணாச்சியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டினார் பாருங்கள், ஒரு கால் மணி நேரம்! அதையெல்லாம் பத்திரிகையில் போட மாட்டார்கள். திட்டி முடித்து, தண்ணீர் குடித்து, திடீரென்று அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏலே, அவன் தப்பு ஒன் கண்ணுக்கு மூணே நாள்ல தெரிஞ்சுருக்கு. ஒன் தப்பு அவன் கண்ணுக்கு ஒரே நாள்ல தெரிஞ்சுருக்கு. மானேஜருக்குத் தெரியல, தொரைக்குத் தெரியல, எனக்குத் தெரியல. அடுத்தவன் தப்பு இம்புட்டு அழகாத் தெரியுதுன்னா, அந்தக் கண்ணுதான்லே எனக்கு வேணும்! ஒருத்தன் போடு, ஒருத்தன் பாரு. ரெண்டு பேரும் இங்கனயே கெடந்து அடிச்சுக்கிடுங்க. அந்தக் கண்ணாடிய மட்டும் தகட்டு ரூமுக்குள்ள பாத்தேன், ஒடைச்சுப்புடுவேன்!"

அதற்குப் பிறகு ஏழு வருஷம் அண்ணாச்சியும் நானும் ஒரே மேஜையில் இருந்தோம். அவர் தப்பு செய்தால் நான் சிரிப்பேன். நான் செய்தால் அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குத் தப்பி ஒரு தப்புகூட மிஷினில் ஏறவில்லை.

சரி... துண்டுக்காரர் என்ன ஆனார் என்கிறீர்களா?

மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். சோடா பாட்டிலைக் கடைக்காரர் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். தோளில் துண்டு இல்லாமல் பாதி ஆளாகத் தெரிந்தார். என் பக்கத்தில் வந்து நின்று, பஸ் போன திசையையே பார்த்தார்.

"சாத்தூர் பஸ்னு ஒருத்தரும் சொல்லலியே..." என்றார், பொதுவாக.

எனக்கு வாயில் என்ன வந்தது தெரியுமா? 'ஐயோ பாவம்'! நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எனக்குத் தெரியும்ங்க. நீங்க இடிச்சீகள்ல, அதான் சொல்லல" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடிப்பாரோ என்று விலாவை ஒதுக்கிக்கொண்டேன். அதற்குள் சிவகாசி பஸ் வந்துவிட்டது. என் துண்டை உருவி ஜன்னல் வழியாக வீசினேன். இரண்டு பேர் உட்கார்கிற சீட்டு. "ஏறுங்க!" என்றேன்.

சிவகாசி பஸ் ஸ்டாண்டில் தேவசகாயம் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்க்கத்தானே போனேன். விலாவைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். நடந்ததைச் சொன்னேன். இடித்தவருக்கே இடம் பிடித்துக் கொடுத்ததைச் சொன்னேன். ஏறி உட்கார்ந்தவர் விருதுநகர் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார் என்றும், அதே முழங்கை அதே விலாவில் சிவகாசிவரை கிடந்தது என்றும் சொன்னேன்.

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கச் சிரித்தார் அண்ணாச்சி.

"வேணும்லே! ஒனக்கு நல்லா வேணும்!"

அந்தத் துரை இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ, அவருக்கு ஒரு கார்டு எழுதிப் போட வேண்டும். உங்களிடம் ஒரே வார்த்தைதான் ஐயா, எங்களிடம் இரண்டு இருக்கிறது — உள்ளே சிரித்துக்கொண்டு சொல்ல 'ஐயோ பாவம்', நேரே சிரித்துச் சொல்ல 'நல்லா வேணும்'.

இரண்டாவதைச் சொல்ல உங்களுக்கும் ஒருத்தர் இருக்கட்டும்... விலா வலித்தாலும் பரவாயில்லை!